கடன் யார் தலையில்? யாங்கோனிலிருந்து ஒரு ரிமோட் விசா

(நம் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றாமல், சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)



இன்றைக்கு நான் பேச வந்தது ஒரு விசாவைப் பற்றி. அரசியல் பேசுகிற கூட்டத்தில் விண்ணப்பப் படிவத்துக்கு என்ன வேலை என்று சிலருக்குத் தோன்றலாம். நம்மில் பெரும்பாலானோர் எல்லையை முள்கம்பியாகப் பார்த்ததே இல்லை. படிவமாகத்தான் பார்த்திருக்கிறோம். அந்தப் படிவத்தை யார் நிரப்பிக் கொடுக்கிறார்கள், அதற்கு என்ன வாங்குகிறார்கள், அந்தக் கடன் கடைசியில் யார் தலையில் விழுகிறது, இந்த மூன்றையும் யாங்கோனை வைத்துப் பார்க்கலாம்னு நினைக்கிறேன்.

நான் யாங்கோனில் பிறந்தவள். கொள்ளுத்தாத்தா சிவகங்கைப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர். நான் லண்டனுக்கு வந்து 11 வருஷம் ஆகுது. சித்தப்பா குடும்பம் இன்னும் அங்கேதான் இருக்கு. சித்தப்பா மகனுக்கு, என் தம்பிக்கு, 27 வயது. வீட்டிலிருந்தபடியே சிங்கப்பூர்க் கம்பெனி ஒன்றுக்கு வடிவமைப்பு வேலை செய்கிறான். கரண்ட் இருக்கிற நேரத்தில் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுக்கொண்டு, இல்லாத நேரத்தில் வேலை பார்ப்பவன். அவன் போன வருஷம் எனக்குப் போன் செய்து, "அக்கா, தாய்லாந்தில் ரிமோட் வேலைக்கு விசா தர்றாங்களாம். எடுத்துக் கொடுக்க இங்க ஒரு ஆபீஸ் இருக்கு. போகவா?" என்று கேட்டான்.

அவன் ஏன் கேட்டான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2024 பிப்ரவரி 10 அன்று மியான்மர் இராணுவ அரசு கட்டாய இராணுவ சேவைச் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சட்டம் 2010இல் எழுதியது, 14 வருஷம் அலமாரியில் கிடந்தது. 18 முதல் 35 வரை ஆண்கள், 18 முதல் 27 வரை பெண்கள். மருத்துவர் போன்ற தொழில் தெரிந்தவர்கள் என்றால் ஆண்களுக்கு 45 வரை, பெண்களுக்கு 35 வரை. பெண்களை இப்போதைக்கு அழைக்கப் போவதில்லை என்று பத்து நாள் கழித்துச் சொன்னார்கள். அந்த "இப்போதைக்கு" என்ற சொல்லை நம்பி எந்த வீட்டிலும் யாரும் தூங்கவில்லை.

அந்த வாரமே யாங்கோனில் தாய்லாந்துத் தூதரக வாசலில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் நின்றார்கள். தூதரகம் ஒரு நாளைக்கு 400 டோக்கன் என்று வைத்தது. மாண்டலேயில் பாஸ்போர்ட் அலுவலக வரிசை நெரிசலில் 2 பெண்கள் செத்துப்போனார்கள். அந்த மே மாதம் ஆண்கள் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிப்பதையே அரசு நிறுத்தியது. மியான்மர் பாஸ்போர்ட்டில் வகை உண்டு. வேலைக்குப் போக ஒன்று, சுற்றிப்பார்க்க, உறவினரைப் பார்க்க வேறொன்று. வேலை வழி அடைபட்டதும், வெளிநாட்டு முதலாளி பெயர் தேவைப்படாத விசாக்கள் பக்கம் எல்லோர் கண்ணும் திரும்பியது.

சரியாக அந்த வருஷம் ஜூலை 15இல் தாய்லாந்து ஒரு புது விசாவை அறிவித்தது. சுருக்கமாக டி.டி.வி. ஐந்து வருஷம் செல்லும், ஒருமுறை நுழைந்தால் 180 நாள் இருக்கலாம். தாய்லாந்துக்கு வெளியே உள்ள கம்பெனிக்கு ரிமோட் வேலை செய்பவர், சுயதொழில் செய்பவர் எல்லாரும் கேட்கலாம். 20 வயது ஆகியிருக்க வேண்டும். வேலை ஒப்பந்தமோ, செய்த வேலைகளின் தொகுப்போ காட்ட வேண்டும். தாய்லாந்து முதலாளியிடம் வேலை செய்யக்கூடாது. கட்டணம் 10,000 பாட். கடைசியாக, பேங்கில் குறைந்தது 5 லட்சம் பாட் இருப்பதாகக் காட்ட வேண்டும்.

அதே ஜூலை 15இல் இன்னொரு ஆணையும் வந்தது. 93 நாட்டுக்காரர்கள் விசாவே இல்லாமல் 60 நாள் தாய்லாந்தில் இருக்கலாம் என்று. இங்கே உட்கார்ந்திருக்கிறவர்களில் பிரிட்டிஷ், கனடா, பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் டிக்கெட் எடுத்தால் போதும், விசாப் படிவம் கிடையாது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டும் அந்தப் பட்டியலில் இருந்தது. மியான்மர் பாஸ்போர்ட்டுக்கு அந்த 60 நாள் கிடையாது.

வாங்க, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5 லட்சம் பாட் என்றால் யாங்கோன் சந்தை விலையில் 6 கோடி கியாட்டுக்கு மேல். மியான்மரில் குறைந்தபட்சக் கூலி 2018இல் ஒரு நாளைக்கு 4,800 கியாட் என்று வைத்தார்கள். அதன்பின் படிகளைச் சேர்த்து 2024இல் 6,800 ஆனது. ஒரு கார்மெண்ட்ஸ் தொழிலாளி, தின்னாமல் குடிக்காமல், ஒரு காசு செலவழிக்காமல் சேர்த்தாலும் 25 வருஷத்துக்கு மேல் ஆகும். அதே தொழிலாளி மேசோட்டில் தையல் ஆலைக்குப் போனால், ஒரு முதலாளி பெயரில் கட்டிப்போட்ட அனுமதி அட்டை கிடைக்கும். சம்பளத்தில் 25 சதவீதத்தை அரசு சொல்கிற வழியிலேயே ஊருக்கு அனுப்ப வேண்டும் என்று 2023இல் இராணுவ அரசு விதி போட்டது. ஒரே எல்லையில் இரண்டு கதவு. பணம் உள்ளவன் நுழைந்தால் டிஜிட்டல் நோமட் என்கிறார்கள், கை உழைப்பை மட்டும் கொண்டுபோகிறவன் புலம்பெயர் தொழிலாளி ஆகிறான். ரெண்டு பேரும் ஒரே தெருவில் பிறந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

இனி அந்த ஆபீஸ் விஷயம். பெயர் வேண்டாம், இதுபோல நிறைய உண்டு. தம்பி போய்ப் பார்த்தான். ஏ.சி. ரூம், நல்ல காப்பி, சுவரில் பாங்காக் படம். "ஃபுல் பேக்கேஜ்" என்றார்கள். படிவம் நிரப்புவது, மொழிபெயர்ப்பு, வேலைத் தொகுப்பை அழகாக்குவது, பேட்டிக்குப் பயிற்சி. இதெல்லாம் சரிதான், இதற்குக் கூலி கேட்பதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆங்கிலப் படிவம் பார்த்தாலே கை நடுங்குகிறவர்களுக்கு இது தேவையான உதவி.

அடுத்து அவன் 5 லட்சம் பாட்டுக்கு எங்கே போவேன் என்று கேட்டிருக்கிறான். அவர்கள் சிரித்தார்களாம். "அதை நாங்க போட்டுக் காட்டுறோம் தம்பி." அவன் பெயரில் கணக்கு, அவர்கள் பணம், மூன்று மாதம். கணக்கின் கார்டும் சிம்மும் அவர்களிடம் இருக்கும். மாதாமாதம் வட்டி. விசா கிடைத்தாலும் வட்டி, கிடைக்காவிட்டாலும் வட்டி. கையில் இல்லையென்றால்? அதற்கும் வழி வைத்திருந்தார்கள். "பாங்காக்ல நமக்குத் தெரிஞ்ச கம்பெனி இருக்கு. ஆறு மாசம் அங்க வேலை செஞ்சு கழிச்சிரலாம்."

அவன் என்னிடம் இதைச் சொன்னபோது, எனக்கு அந்தக் கடைசி வரிதான் காதில் நின்றது. ஏனென்றால் இது எங்கள் குடும்பத்துக்குப் புதுசு இல்லை.

கொள்ளுத்தாத்தா காலத்தில் ரங்கூனுக்குப் போகப் பாஸ்போர்ட்டும் வேண்டாம், விசாவும் வேண்டாம். 1937 ஏப்ரல் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். காகிதம் தேவையில்லாத இடத்தில் இடைத்தரகனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருந்தது. கப்பல் கட்டணத்துக்கு முன்பணம் கொடுக்க ஒரு ஆள் தேவைப்பட்டான். அவன்தான் மேஸ்திரி. ஊரில் முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டி, கப்பலேற்றி, துறைமுகத்திலோ அரிசி ஆலையிலோ இறக்குவான். கூலியை ஆலைக்காரன் தொழிலாளி கையில் கொடுப்பதில்லை, மேஸ்திரியிடம் கொடுப்பான். பெரிய மேஸ்திரி, அவனுக்குக் கீழே சின்ன மேஸ்திரி என்று பல படி. ஒவ்வொரு படியிலும் ஒரு பிடித்தம். தொழிலாளி ரங்கூன் மண்ணில் கால் வைக்கும்போதே கடனாளி. 1933இல் வெளிவந்த, ஈ.ஜே.எல். ஆண்ட்ரூ எழுதிய ரங்கூன் இந்தியத் தொழிலாளர் பற்றிய புத்தகம் இந்த முறையை விவரிக்கிறது. தெலுங்கர், தமிழர், ஒடியர் எல்லாரும் இப்படித்தான் போனார்கள்.

இங்கே ஒன்றை நேராகச் சொல்ல வேண்டும். 1931 கணக்கெடுப்பில் பர்மாவில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள், ரங்கூன் நகரில் பாதிக்கு மேல் இந்தியர்கள். "நாம் ஆண்ட நகரம்" என்று இதை வைத்துப் பெருமை பேசுகிற தமிழர்கள் உண்டு. யார் ஆண்டது? முகல் தெருவில் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. 1930இல் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நிலத்தில் 6 சதவீதம் அவர்கள் கையில் இருந்தது. மந்தத்தில் விவசாயிகள் கடன் கட்ட முடியாமல் போய், 1930களின் கடைசியில் அது 25 சதவீதம் ஆனது. துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும் தமிழன்தான். அவனுக்குக் கடன் இருந்தது, நிலம் இல்லை. பர்மிய விவசாயிக்கும் அதே கதிதான்.

இந்த இரண்டு ஏழைகளையும் முட்டவிட்டது யார்? 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முதலாளிகள் பர்மியத் தொழிலாளர்களைக் கூட்டிவந்தார்கள். பிறகு வேலைநிறுத்தம் பேசித் தீர்ந்ததும் பர்மியர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். மே 26 அன்று கலவரம் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள், பெரும்பாலும் இந்தியக் கூலிகள். கப்பல் சரக்குக் கம்பெனிகளுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

அதற்கப்புறம்தான் காகிதங்கள் வருகின்றன. 1941இல் இந்தியாவும் பர்மாவும் குடிவரவு ஒப்பந்தம் போட்டன. அனுமதிச் சீட்டில் இரண்டு வகை: காலவரை இல்லாமல் இருக்க ஒன்று, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் ஒன்று. காந்தியே எதிர்த்து எழுதினார். டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டது, ஒப்பந்தம் செல்லாக்காசானது. லட்சக்கணக்கானோர் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தார்கள், பல்லாயிரம் பேர் வழியிலேயே விழுந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு குடியுரிமை கிடைக்காதவர்களுக்கு வெளிநாட்டார் பதிவு அட்டை. எங்கள் தாத்தா பிறந்த ஊரிலேயே அதைத்தான் வைத்திருந்தார். 1962இல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964இல் கடைகள் தேசியமயமாயின, அந்த மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். சுமார் 3 லட்சம் பேர் கப்பலேறினார்கள். சென்னை பர்மா பஜாரும், தமிழ்நாடெங்கும் இருக்கிற பர்மா காலனிகளும் அவர்கள் வந்து சேர்ந்த இடங்கள். 1982 குடியுரிமைச் சட்டம் மக்களை மூன்று நிற அட்டையாகப் பிரித்தது: முழுக் குடிமகனுக்கு இளஞ்சிவப்பு, அடுத்த படிக்கு நீலம், அதற்கும் அடுத்த படிக்குப் பச்சை. இன்றைக்கும் இந்திய வம்சாவளி ஆள் பாஸ்போர்ட் எடுக்கப் போனால், தாத்தா காகிதம் எங்கே என்று கேட்பார்கள். அந்தக் காகிதத்தைத் தேடிக் கொடுக்கவும் ஒரு தரகன் உண்டு.

ஈழத்துத் தோழர்களுக்கு நான் இதை விளக்கவே வேண்டாம். ஏஜென்சி என்ற சொல் உங்கள் எல்லோர் வீட்டிலும் இருக்கு. ஏஜென்சிக்குக் கட்டின காசுக்குத் தாலிக்கொடி விற்ற கதையும் இருக்கு. வந்து சேர்ந்தவர்கள் அந்தக் கடனைக் கட்டி முடிக்க எத்தனை வருஷம் சமையலறைகளில் நின்றார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இப்போது அந்த "ஆறு மாசம் வேலை செஞ்சு கழிச்சிரலாம்" என்ற வரிக்குத் திரும்புவோம். முதலில், அது விசா விதிக்கே எதிரானது. தாய்லாந்து முதலாளியிடம் வேலை செய்தால் விசா போகும், தண்டனை விழும். அந்தத் தண்டனை தம்பிக்கு, ஆபீஸுக்கு இல்லை. இரண்டாவது, அந்த "தெரிஞ்ச கம்பெனி" எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2022 செப்டம்பரில் இந்திய வெளியுறவு அமைச்சகம் ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. தாய்லாந்தில் டிஜிட்டல் விற்பனை அதிகாரி வேலை என்று சொல்லி, படித்த இளைஞர்களை மியான்மருக்குள் கடத்திப்போய் இணைய மோசடி வேலையில் அடைக்கிறார்கள் என்று. மேசோட்டுக்கு எதிரே, மோய் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மியாவடி. அங்கிருந்து அந்த அக்டோபரில் 13 தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச் 10, 11 தேதிகளில் இந்திய விமானப் படை விமானங்கள் மேசோட்டிலிருந்து 283 பேரையும் 266 பேரையும் கொண்டுவந்தன. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது, விடுவிக்கப் பணம் கேட்பது, அடிப்பது, இதெல்லாம் திரும்பி வந்தவர்கள் சொன்னவை. அவர்களும் லேப்டாப் வேலைக்குத்தான் கிளம்பினார்கள்.

எல்லா விசா உதவி நிறுவனமும் ஆள் கடத்துகிறது என்று நான் சொல்ல வரவில்லை. நேர்மையாகப் படிவம் நிரப்பிக் கொடுத்து, ரசீது கொடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். தரகனை மட்டும் திட்டிவிட்டுப் போவதும் இடதுசாரி அரசியல் ஆகாது. தரகன் தானாக முளைப்பதில்லை. கட்டாய ராணுவமும், மூடிய வேலை வழியும், 5 லட்சம் பாட் விதியும் சேர்ந்துதான் அவனுக்குக் கடை போட்டுக் கொடுக்கின்றன. ஆனால் உதவிக்கும் அடிமைப்படுத்தலுக்கும் நடுவே கோடு எங்கே என்று கேட்டால், என் பதில் ஒன்றுதான்: கடன். வேலைக்குக் கூலி வாங்குகிறவன் உதவியாளன். உன்னைக் கடனாளியாக்கி அந்தக் கடனை உன் உழைப்பில் கழிக்கச் சொல்கிறவன் மேஸ்திரி. ஏ.சி. ரூமில் உட்கார்ந்தாலும் அவன் மேஸ்திரிதான்.

தம்பி அந்தப் பேக்கேஜை எடுக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இரண்டு ராத்திரி போனில் உட்கார்ந்து அதிகாரபூர்வப் பக்கத்தை வரி வரியாகப் படித்தோம். 2025 ஜனவரியிலிருந்து தாய்லாந்து விசா விண்ணப்பங்களைத் தூதரகங்களில் இணையவழியாக்கியிருக்கிறது. படிவம் மந்திரம் இல்லை. அவனிடம் ஒப்பந்தம் இருக்கு, வேலைத் தொகுப்பு இருக்கு. இல்லாதது அந்தப் பணம் மட்டும். லண்டன், பினாங்கு, சிங்கப்பூரில் இருக்கிற சொந்தங்கள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இதுவும் காட்டுகிற பணம்தானே என்று கேட்கலாம். இது அவனுக்குக் கொடுக்கிற பணம். அவன் பெயர், அவன் கார்டு, வட்டி இல்லை, திருப்பிக் கேட்க யாரும் இல்லை. இன்னும் முழுசாகச் சேரவில்லை, விண்ணப்பமும் போடவில்லை. அவன் பெயர் வார்டு அலுவலகப் பட்டியலில் எப்போது வரும் என்பதும் எங்களுக்குத் தெரியாது.

இப்படிப் பணம் சேர்க்க வெளிநாட்டில் ஆள் இல்லாத குடும்பங்கள்தான் அங்கே அதிகம். அதனால்தான் இதைக் குடும்பக் கதையாக விடாமல் இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தேன். மூன்று வேலை சொல்கிறேன்.

முதலாவது, படிவம் படிக்கும் குழு. நம்மில் ஆங்கிலம் தெரியும், சட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள், பர்மிய மொழி தெரிந்த நாலைந்து பேராவது இருக்கிறோம். வாரம் ஒரு மாலை, இலவசமாக, பர்மியத் தோழர்களோடு சேர்ந்து. தமிழருக்கு மட்டும் என்று வைத்தால் 1930இல் முதலாளிகள் போட்ட கோட்டையே நாமும் போடுகிறோம்.

இரண்டாவது, யாராவது உறவினர் விசா ஆபீஸுக்குப் போகிறேன் என்றால் கேட்கச் சொல்ல வேண்டியவை. தூதரகக் கட்டணம் எவ்வளவு, உங்கள் கூலி எவ்வளவு, தனித்தனியாக எழுதித் தருவீர்களா? விண்ணப்பத்தில் போடுவது யாருடைய மின்னஞ்சல்? அவர்களுடையது என்றால் விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்றே நமக்குத் தெரியாது. அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொள்கிறார்களா? "கியாரண்டி" என்கிறார்களா? முடிவு தூதரகத்துடையது, கியாரண்டி கொடுக்க வேறு யாராலும் முடியாது. பணம் போட்டுக் காட்டுகிறோம் என்றோ, போய் வேலை செய்து கழிக்கலாம் என்றோ சொன்னால் எழுந்து வந்துவிட வேண்டியதுதான்.

மூன்றாவது, அரசியல் வேலை. கட்டாய ராணுவத்துக்குத் தப்பி வருகிறவனை, வங்கிக் கணக்கு நிரம்பியிருந்தால் நோமட் என்றும், காலியாக இருந்தால் சட்டவிரோதக் குடியேறி என்றும் பிரிக்கிற மொழியை நாம் பேசக்கூடாது. நாம் வாழும் நாடுகளிலும் இதே இரட்டைக் கதவுதான் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். மேசோட்டுத் தொழிலாளர்கள் முதலாளி மாற்றும் உரிமைக்காகப் போராடும்போது நம் கூட்டறிக்கையில் அது வர வேண்டும். மியாவடியிலிருந்து திரும்பியவர்களைக் குற்றவாளியாக நிறுத்தாதே, பாதிக்கப்பட்டவராக நடத்து என்று சென்னையிலும் கொழும்பிலும் கேட்க வேண்டும்.

முதல் குழுவுக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாங்க. பர்மிய மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பொறுமையாகப் படிவம் படிக்கத் தெரிந்தால் போதும்.

கேள்விகளுக்குப் போகலாம்.